இரண்டு பேர், ஓர் அங்கத்துவம்

மழை விட்ட காலைகளில் சங்கத்து அறையின் பின்னால் அடுக்கியிருக்கும் பந்தல் தகரங்களிலிருந்து ஒரு வாடை எழும். இன்று நான் படிப்பிக்கும் பாலர் பாடசாலைக்குப் போகும் வழியில் அது மூக்கில் ஏறியது. ஈரத் துருவின் வாடை. ஒரு காலத்தில் அது நம் இருவர் உள்ளங்கையிலும் இரண்டு நாளைக்கு இருக்கும், செந்நிறக் கறையோடு. "சாவு வீட்டு மருதோணி" என்பாய் நீ.

தோட்டத்து மரண உதவிச் சங்கம் நம் பாட்டன்மார் காலத்தது. பழைய பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெயர்களைவிடக் கைநாட்டுகள்தான் அதிகம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பந்தல் போடுவதும் குழி வெட்டுவதும் தூக்கிப் போவதும் சங்கத்து ஆட்கள். பதிலுக்கு வீட்டுக்கு ஓர் ஆண் வேலைக்கு வர வேண்டும். ஆண் இல்லாத வீட்டுக்குப் பெயர் இல்லை. என் அப்பாவைத் தூக்கிப் போன சங்கம் அடுத்த கூட்டத்தில் எங்கள் பெயரை வெட்டியது. உன் அப்பா கொழும்புக்குப் போய்த் திரும்பாததால் உங்கள் பெயர் அதற்கு முன்பே போயிருந்தது.

என் அம்மாவுக்கு இழுப்பு. ஒவ்வொரு முறை மூச்சுத் திணறும்போதும், அம்மாவைத் தூக்க யாரைக் கூப்பிடுவேன் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும். அதற்காக என்னையே வெறுத்தேன். உன்னிடம் மட்டும் சொன்னேன்.

"அப்ப போய்க் கேப்போம், வாடி" என்றாய்.

தலைவர் முத்தையா மாமா நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் புள்ளைங்களா, ஒரு ஆளு ஒரே நடையில ரெண்டு தகரம் தூக்குவான். நீங்க என்னா பண்ணுவீங்க?"

"நாங்க ரெண்டு பேரு சேந்து ஒரு தகரம் தூக்குவோம் மாமா. ரெண்டு நட நடப்போம்" என்றாய்.

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "அப்ப ரெண்டையும் சேத்தா ஒரு ஆளு!" என்று கத்தினான். கேலிதான். மாமா அதையே பிடித்துக்கொண்டார். "சரி, அப்படியே எழுதுங்க. ரெண்டு வீடு, ஒரு ஆளு."

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. பாதி ஆளாக அல்லவா எழுதியிருக்கிறார்கள்! நீ என் தோளில் இடித்தாய். "உள்ளுக்குப் போயாச்சுல்ல? மத்தத அப்பறம் பாப்போம்."

மூன்று வருடம் தூக்கினோம். றப்பர் மலைச் சரிவில் நீ முன்னால், நான் பின்னால். "சரிச்சுப் புடிக்காதடி, கழுத்த வெட்டிறப் போற" என்று வழியெல்லாம் சண்டை. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தவளின் வீட்டுக்கும் தூக்கிப் போனோம். நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் செய்வதற்கு ஒரு சங்கம் எதற்கு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு அந்த மழைக்காலத்தில் உனக்கு எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். உன் உடலைக் கொண்டுவந்த வான் வண்டி தெரணியகலை டவுனைத் தாண்டி, மேலே ஏற முடியாமல் நின்ற இடத்தில் சங்கமே காத்திருந்தது. உன் வீட்டு வாசலில் பந்தல் போடும்போது நான் ஒரு தகரத்தின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுமுனைக்கு ஆள் இல்லை. யாரோ, "நீ இரு புள்ள" என்று அதை வாங்கிப் போனார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "ரெண்டு பேரு சேந்து ஒரு ஆளுன்னுதானே எழுதுனோம். இப்ப பாதிதானே இருக்கு?" அவர் கெட்டவர் இல்லை, விதியைக் கேட்டார். மாமா குனிந்துகொண்டார். அம்மாவின் மூச்சுச் சத்தம் என் காதில் கேட்பதுபோல் இருந்தது.

"மத்த பாதி நானு."

வாசலில் உன் அம்மா. அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்.

"ஒங்க வீட்டுக்குத்தான் சங்கம் செஞ்சிருச்சே அக்கா. தனியாளு, ஒங்களுக்கு இனி என்னாத்துக்கு?" என்றார் அதே ஆள்.

"எனக்குச் செய்யச் சொல்லி வரல தம்பி. அன்னிக்கு எல்லாரும் வந்தாங்க. நானும் போவணும்ல?"

மாமா பேனாவை எடுத்தார்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. தகரம் தூக்க முடியாது. முதல் சாவு வீட்டில் என்ன செய்யப் போகிறாரோ என்று பயந்தேன். அவர் பந்தல் போடுகிறவர்களைத் தாண்டி நேரே உள்ளே போனார். அழுதுகொண்டிருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அவிழ்ந்த கூந்தலை முடிந்துவிட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். மூன்று வருடத்தில் நீயும் நானும் ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. ஓர் ஆணுக்குச் சமம் என்று காட்டுவதிலேயே நம் பலமெல்லாம் போய்விட்டது.

என் அம்மாவுக்கு இழுப்பு இன்னும் இருக்கிறது. யாரைக் கூப்பிடுவேன் என்ற எண்ணம் மட்டும் இப்போது வருவதில்லை.

இப்போதெல்லாம் தகரத்தை இறக்கிவிட்டு நானும் உள்ளே போகிறேன். என்ன சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை. உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்ப்பார். கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்.