அடைக்காமல் விட்ட வரி

இன்று காலையில் என் பேத்தி ஜெனி வாசல்படியில் உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடி அடுப்படி வரைக்கும் வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். உன் சைக்ளோஸ்டைல் அச்சு மிஷின் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பி இருக்குமே, மெழுகுத்தாளில் தப்பாக வெட்டின எழுத்தை அடைக்கிற சிவப்பு மருந்து, அதே நெடி. அதை நகப்பூச்சு என்று நினைத்து ஒருநாள் ஐந்து விரலுக்கும் பூசிக்கொண்டு உன்னிடம் கையை நீட்டினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏ புள்ள, அது தப்பை அடைக்கற மருந்து. உன்ற அஞ்சு விரலும் என்ன தப்புப் பண்ணுச்சு?"

விரல் ஒன்றும் பண்ணவில்லை. பண்ணினது நாக்கு. அதைச் சொல்லத்தான் இந்த மடல். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. ஐந்தாம் வகுப்பு வரை உன் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற எழுத்துதான் எனக்கு இருக்கிறது. இதற்கு அது போதும்.

நீ மிஷன் பள்ளி வாத்தியார் மகள். நான் ஏற்காட்டு மலையில் நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள் மகள். மூன்றாம் வகுப்பில் என் பலப்பத்தைக் கடித்துத் தின்றுவிட்டு, எலி தின்றது என்று சொன்னாய். அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஐந்தாவது முடிந்ததும் நீ சேலத்துக்குப் படிக்கப் போனாய். நான் கூடையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது உன் தலைமுடி ஆம்பிளை கிராப்பு. காலில் பேண்ட். வாயில் பீடி. ஊர் உனக்குக் கிராப்புக்காரி என்று பேர் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் வாசலில் உபதேசியார் உன்னை நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, ஆம்பிளைங்க பக்கம் உக்காருவீங்களா, பொம்பிளைங்க பக்கமுங்களா?"

"எந்தப் பக்கம் எடம் இருக்குதோ அந்தப் பக்கமுங்க."

நான் முக்காட்டுக்குள் சிரித்தேன். என் மாமியார் தொடையில் கிள்ளினாள்.

சேலத்தில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்தது உனக்கு. கோடை விழாவின் மலர்க் கண்காட்சியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். விடியலிலிருந்து பூந்தொட்டி தூக்கின பெண்களை, பெரிய மனிதர்கள் வருகிற நேரத்துக்கு வெளியே துரத்தினதைப் பற்றி நீ எழுதிக் கொடுத்தாய். "ரோசாப்பூவைப் பத்தி நாலு வரி கேட்டா, தொட்டி தூக்கினவளைப் பத்தி நாப்பது வரி எழுதறயே" என்று ஆசிரியர் கிழித்துப் போட்டாராம். "ரோசாப்பூ எங்கிட்டப் பேசலைங்க" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே வேலையை விட்டாய்.

சொந்தமாகப் பத்திரிகை நடத்த யாரிடமோ பழைய சைக்ளோஸ்டைல் மிஷின் வாங்கினாய். அதை மலைக்குக் கொண்டுவர என்னைத் துணைக்குக் கூப்பிட்டாய். சேலத்தில் பஸ் ஏறினோம். கைப்பிடி போட்டுச் சுற்றுகிற இரும்பு மிஷின், பாதி உன் மடியில், பாதி என் மடியில். அடிவாரத்தில் கண்டக்டர் வந்து முறைத்தார்.

"இது என்னம்மா, ஆளா லக்கேஜா?"

"பேசறதெல்லாம் ஆளுதானுங்க. இதும் பேசும்."

"அப்ப முழு டிக்கெட்டு."

"இன்னும் பேசப் பழகலைங்க. அரை டிக்கெட்டாப் போடுங்க."

பஸ்ஸே சிரித்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஊரில் இறங்கியபோது, என் கல்யாணத்து நீலச் சேலையின் மடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு மசி. "போனாப் போகுது புள்ள" என்றாய். போகவில்லை. எதைப் போட்டும் போகவில்லை.

பத்திரிகைக்குக் 'கவாத்து' என்று பேர் வைத்தாய். காப்பிச் செடியில் வேண்டாத கிளையை வெட்டிவிடுவதற்கு எஸ்டேட்டில் சொல்லும் பேர். மாதம் ஒருமுறை நான்கு பக்கம். மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் யாராவது ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே போவார்கள். உனக்கு இரண்டு சட்டம் இருந்தது. ஓயாமல் அதையே சொல்வாய். "சொன்னவங்க வாயில எப்படி வந்துச்சோ அப்படியே போடோணும். சொன்னவங்களுக்குப் படிச்சுக் காட்டாமப் போடக் கூடாது."

அந்த வருசம் எங்கள் எஸ்டேட்டில் செடிக்குப் பூச்சிமருந்து அடித்தார்கள். அடுத்த வரிசையில் எங்களைக் களை வெட்ட விட்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த ராசம்மா வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தாள். எட்டு நாள் படுக்கை. ஒன்பதாம் நாள் தள்ளாடிக்கொண்டு வேலைக்கு வந்தால் ஆள் பட்டியலில் பேர் இல்லை. ரைட்டர் அடித்துவிட்டார். எஸ்டேட் குமாஸ்தாவை நாங்கள் ரைட்டர் என்போம். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவள் அடிவாரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் உன் அறைக்கு வந்து வயிறெரியக் கத்தினேன். நீ குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டாய். அடுத்த கவாத்தில் அது வந்தது.

"காப்பிச் செடிக்குச் சீக்கு வந்தாச் சேலத்துலருந்து டாக்டரு வர்றாரு. எங்களுக்குச் சீக்கு வந்தா ரைட்டரு வர்றாரு, பேரை அடிக்கறதுக்கு. பொய்யின்னா நாக்கு அழுகட்டும்."

பேர் போடவில்லை நீ. ஆனால் பேச்சுக்குப் பேச்சு 'பொய்யின்னா நாக்கு அழுகட்டும்' என்று முடிக்கிறவள் இந்த மலையில் ஒருத்திதான். நாகலூர்க் கடைவீதியில் படித்துக் காட்டின மாத்திரத்தில் எல்லோரும் என் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ரைட்டர் வீட்டுக்கு வந்தார். சத்தம்கூடப் போடவில்லை. "உன்ற ஊட்டுக்காரன் எஸ்டேட் ஜீப் ஓட்டறான். லைன் ஊடு இருக்குது. ரெண்டு பிள்ளைங்க. பார்த்துச் சொல்லு கண்ணு" என்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

லேபர் ஆபீசர் விசாரணைக்கு வந்தார். எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தது. கீழே சில்வர் ஓக் மரத்தடியில் நீ நின்றாய். யார் சொன்னது என்று முதலில் உன்னைக் கேட்டார்கள். "பேர் சொல்ல மாட்டனுங்க" என்றாய். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"இது நீ சொன்னதாம்மா?"

"இல்லீங்க சார்."

"இப்படி எதுவுமே சொல்லலையா?"

"சொல்லலீங்க. பொய்யின்னா நாக்கு அழுகட்டுமுங்க."

பழக்கதோசம். வாயிலிருந்து விழுந்துவிட்டது. வராந்தாவே சிரித்தது. ரைட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லேபர் ஆபீசர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவருக்கும் உதடு கோணியது. சொன்னது நான்தான் என்று அங்கே தெரியாதவர் ஒருவர் இல்லை. இருந்தும் 'இல்லை' என்றே எழுதிக்கொண்டார். சிரிக்காதவள் நீ ஒருத்திதான்.

அன்றோடு நீ பொய்க்காரி ஆனாய். கிராப்புக்காரி கதை கட்டினாள் என்று சேலத்துப் பத்திரிகைகள் எழுதின. உன் மிஷினைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. ராசம்மாவுக்கு வேலை திரும்பவில்லை. அடுத்த வருசம் அடிவாரத்திலேயே கண்ணை மூடினாள். நான் சாவுக்குப் போகவில்லை. நீயும் மலையை விட்டுப் போனாய். திருப்பூரில் சாயத்தண்ணீரைப் பற்றி எழுதுகிறாய், பெங்களூரில் குடிசைகளைப் பற்றி எழுதுகிறாய், இரண்டு தரம் ஜெயிலுக்குப் போனாய் என்று காற்றுவாக்கில் வரும். நீ எங்கே எழுதி அனுப்பினாலும், 'இவர் செய்தியைச் சரிபார்த்த பிறகே வெளியிடவும்' என்று மேலே ஒரு சீட்டுக் குத்தி வைப்பார்களாம். கடைசி வரைக்கும் அந்தச் சீட்டுப் போகவில்லையாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்மேல் கோபித்துக்கொண்டேன். கேட்காமல் கொள்ளாமல் என் பேச்சைப் பத்திரிகையில் ஏற்றி என் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தாள் என்று கிணற்றடியிலும் சந்தையிலும் சொன்னேன். புருசனிடம் சொன்னேன். பிள்ளைகளிடம் சொன்னேன். பேத்தி வரைக்கும் அந்தக் கதை வந்துவிட்டது.

என் மகள் கல்யாணத்துக்கு நீ அழைப்பில்லாமல் வந்தாய். கிராப்பு நரைத்திருந்தது. தோளில் சாக்குப்பை. பந்தியில் உட்கார்ந்தாய். என் மாமியார் நேராக உன் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, என்ற மருமகளை ஒரு வார்த்தை கேக்காமப் பேப்பர்ல ஏத்துனீங்களே. எங்க சோத்துல மண்ணைப் போடப் பாத்தீங்களே. நாயமுங்களா?"

பந்தியில் எல்லோர் கையும் இலையிலேயே நின்றது. நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். நான் ரசவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாளி கனத்தது, அவ்வளவுதான் ஞாபகம்.

"தப்புதானுங்க. கேக்காமத்தான் போட்டுட்டேன்" என்றாய் நீ. அப்புறம் என்னைப் பார்த்து, "கொஞ்சம் ரசம் ஊத்து புள்ள."

ஊற்றினேன். குடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

நீ கேட்டாய். அதுதான் உண்மை. அன்று உன் அறையில் மெழுகுத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் படித்துக் காட்டினாய். வெளியே மூடுபனி. குப்பியைத் திறந்து அந்தச் சின்னப் பிரஷ்ஷைக் கையில் வைத்திருந்தாய். அதன் நுனியில் சிவப்பாக ஒரு சொட்டு.

"கடைசி வார்த்தையைப் பார்த்தா நீதான்னு ஊருக்கே தெரியும் புள்ள. அடைச்சுரட்டா?"

"இருக்கட்டும்."

"ரோசனை பண்ணிச் சொல்லு. வேணும்னா வரியையே அடைச்சுப் போடறேன்."

"இருக்கட்டுங்கறனல்ல."

ராசம்மாவுக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாயோ என்னவோ. அவளுக்காகவும்தான். ஆனால் என் பேச்சை எழுத்தில் பார்க்கிற ஆசைதான் அப்போது பெரிதாக இருந்தது. என் பரம்பரையில் யார் பேசினதையும் யாரும் எழுதி வைத்ததில்லை. நீ குப்பியை மூடினாய். மிஷின் கைப்பிடியைச் சுற்றினது நான். முதல் தாள் வெளியே வந்ததும் அந்த வரியை ஈரத்தோடு விரலால் தொட்டுப் பார்த்தேன்.

உன் அடக்கத்தில் நான் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றேன். சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், "நீங்க அவங்களுக்கு யாருங்க பாட்டி?" என்று கேட்டாள். "பக்கத்து ஊருங்க" என்றேன். அதையும் சேர்த்துக்கொள்.

அந்தப் பெண்ணே போன வாரம் வீடு தேடி வந்தாள். உன்னோடு படித்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீ எழுதினதையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போடுகிறார்களாம். வருகிற ஞாயிறு ஏற்காட்டில் உனக்குக் கூட்டமாம். "நாகலூர் எஸ்டேட் செய்தியை மட்டும் விட்டுரலாம்னு இருக்கறமுங்க பாட்டி. அது கட்டுக்கதைன்னு விசாரணையிலயே ஆயிருச்சுங்களாமே. அது இருந்தா மத்ததையும் நம்ப மாட்டாங்க" என்றாள். ஒரு வாரம் கழித்து வா கண்ணு என்று அனுப்பிவிட்டேன்.

இன்று மத்தியானம் வந்தாள். காலையில் அந்த நெடி வந்திராவிட்டால் இன்றைக்கும் ஒரு சாக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன். உட்காரவைத்துச் சொன்னேன். பேசினது நான், என்னைக் கேட்டுவிட்டுப் போட்டது நீ, இல்லையென்று சொன்னது நான். கடைசியில் என்னை அறியாமல், "பொய்யின்னா நாக்கு அழுகட்டும்" என்று முடித்தேன். வராந்தாவில் சொன்னதற்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை.

ஜெனி நகச்சிவப்போடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அவங்க கேட்டுட்டுத்தான் போட்டாங்களா, அம்மாயி?"

"ஆமாஞ் சாமி."

"எங்ககிட்ட எல்லாம் வேற மாதிரி சொன்னீங்க."

"ஆமாம்."

அவள் உள்ளே போய்விட்டாள். இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவளுக்கு நியாயம் உண்டு.

சேலத்துப் பெண் எழுதினதை எனக்குப் படித்துக் காட்டினாள். உன்னைப் போலவே இரண்டு தரம் படித்தாள். பிறகு தயங்கினாள். "கடைசியில அந்த நாக்குச் சமாச்சாரத்தை எடுத்துரட்டுங்களா பாட்டி? ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்க."

"இருக்கட்டும்" என்றேன்.

இதைச் சொல்வதால் எனக்கு இப்போது போகிறது ஒன்றுமில்லை. எஸ்டேட் கை மாறிவிட்டது. ரைட்டர் மண்ணுக்குள். என் வீட்டுக்காரரும் போய்விட்டார். போவதற்கு ஏதாவது இருந்த காலத்தில் சொல்லியிருந்தால்தான் அது சொல். இது மிச்சம். மிச்சத்தைத்தான் உனக்குக் கொண்டுவருகிறேன்.

அந்த நீலச் சேலை பெட்டியில் இருக்கிறது. மசிக்கறை அப்படியே இருக்கிறது. இத்தனை வருசம் கறையை உள்மடிப்பில் மறைத்தே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வரப்போகிறேன், கறை முன்னால் தெரிகிற மாதிரி. யாராவது கேட்டால், இவளும் நானும் ஒரு மிஷினை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினோம் என்று சொல்வேன். பலப்பத்தை எலி தின்னவில்லை என்றும் சொல்வேன். அதை மட்டும் உனக்கு மன்னிப்பதாக இல்லை.