புளியாரைத் துவையல்

மே 14, புதன். எடிசன், அமெரிக்கா.

காலையில் எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்கினேன். கோவையிலிருந்து வந்திருக்கும் மாமியார் பின்பக்கப் புல்வெளியில் குனிந்து புளியாரைக் கீரை பறித்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே காபி குடித்தேன்.

ஒரு மணி நேரம் கீரையை ஆய்ந்து, துவையல் அரைத்து, என் மகளின் தட்டில் வைத்தார்.

"உங்கம்மாளுக்கு இதெல்லாம் வெறும் களை, கண்ணு. அவளுக்கென்ன தெரியும்?"

"களை மருந்து அடிச்ச புல்லு அது, அத்தை. நேத்துதான் அடிச்சாங்க."

அவர் தட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல, சாமி? புள்ளைக்கு வெச்சுட்டேனே."

துவையலை அவரே குப்பையில் கொட்டினார். மூன்று முறை கை கழுவினார். இரவு சாப்பிடவில்லை.

மருந்து அடித்தது வீட்டின் முன்பக்கம் மட்டும்தான். அதைச் சொல்ல இருமுறை அவர் அறைக் கதவுவரை போய்த் திரும்பினேன்.

நாளை மருந்தடிக்கும் ஆளைக் கூப்பிட்டுப் பின்பக்கமும் அடிக்கச் சொல்லிவிடுவேன்.