ஆந்தை மைக்கூடு பார்க்கும் பக்கம்

மகாராணிக்கு,

நீ அயர்ந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். சாவி வழக்கமான ஆணியில் தொங்குகிறது.

நேற்று, "அந்தப் பித்தளை ஆந்தையை வெச்சுக்கிட்டு நீங்களே குடும்பம் நடத்துங்க" என்றாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சேர்த்து வைத்திருக்கும் மைக்கூடுகளில் தானாகத் தலையைத் திருப்புவது அது ஒன்றுதான். மீன்தொட்டியைப் பார்த்தது, மறுநாள் மீன் மிதந்தது. பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்தது, பூனை அப்புறம் வீடு திரும்பவில்லை. "இந்த வயசுலயும் ரீல் விடுறீங்களே" என்று சிரித்தாய். இத்தனை வருடம் என் கதைகளைக் கேட்ட நீ வேறு என்ன செய்வாய்?

இன்று நான் எழுந்து பார்த்தபோது அது அறைக் கதவு வழியாக உன் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டு வருகிறேன். மற்ற மைக்கூடுகளைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதே, பழைய நிறம் போய்விடும்.

இன்னொன்று: வீட்டை விட்டு அனுப்பினால் மட்டும் போதுமா என்று சந்தேகம் வந்தது. அதனால் பையில் போடுமுன் அதன் தலையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது. இப்போது என்னைத்தான் பார்க்கிறது. நீ நிதானமாகவே எழுந்திரு.