பந்தலுக்குப் போன குரோட்டன்ஸ்

கிருஷ்ணகிரி,
8-4-1957

அன்புள்ள தீர்த்தகிரிக்கு,

கௌஸ் மொய்தீன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிக்கு வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு.

எங்கள் ஃபகருன்னிசாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்குக் காவேரிப்பட்டினத்தில் துணிக்கடை. நோன்பு முடிந்து, மே பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகலில் நிக்காஹ். அவர்கள் பெரிய குடும்பம். எங்கே எது குறைந்துவிடுமோ என்று காத்தூனும் நானும் மாற்றி மாற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஓர் உதவி வேண்டும். பந்தல் வாசலில் இரண்டு பக்கமும் வைக்க உன் குரோட்டன்ஸ் தொட்டிகளைத் தர முடியுமா? ஓசூர் போய் வருகிறவர்கள் உன் வீட்டு வாசலைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதில்லை. அந்த நாளில் தாலுகா ஆபீஸ் விட்டதும் நாம் இருவரும் பாசியும் சாக்குத் துணியும் சுற்றிப் பதியம் போட்டோமே, அந்த வம்சம்தானே அவை.

நீயும் வெங்கடம்மாளும் அவசியம் வர வேண்டும். உன் கால் என் வீட்டு வாசலில் பட்டு எட்டு வருஷம் ஆகிறது.

உன்,
கௌஸ்

&nbsp;

ஓசூர்,
12-4-1957

ஸ்ரீ கௌஸ் மொய்தீன் சாயபு அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்தது. குழந்தைக்கு என் ஆசீர்வாதம். அவளிடம் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது.

என் ஞாபகம் வராதவருக்கு என் தொட்டிகளின் ஞாபகம் வந்திருக்கிறது. சந்தோஷம். எனக்கு வேறு ஞாபகங்கள் இருக்கின்றன. விசாரணை அதிகாரி முன்னால், ரிக்கார்டு அறைச் சாவி அன்று ராஜப்பன் கையில்தான் இருந்தது என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "நான் பார்க்கவில்லை" என்று சொன்னீர்கள். காணாமல் போன காகிதக் கட்டுக்கு நான் பொறுப்பாளி ஆனேன். எனக்கு வர வேண்டிய தாசில்தார் பதவி ராஜப்பனுக்குப் போயிற்று. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தாங்கள் பிற்பாடு வேலையை விட்டுப் புளி மண்டி வைத்தீர்கள். நான் செடி வைத்தேன்.

தொட்டிகள் விஷயம். குரோட்டன்ஸ் நாற்காலி அல்ல, தூக்கிக்கொண்டுபோய்ப் போட. வெளியே இருப்பவை வெயிலைக் குடித்துச் சிவந்தவை. கூடத்தில் ஜன்னலோரம் இருப்பவை நிழலிலேயே வளர்ந்த மஞ்சள் புள்ளிக்காரிகள். வெயிலுக்குப் பழகியதை உள்ளே வைத்தால் வெறும் பச்சையாகிவிடும். உள்ளே பழகியதை வெளியே வைத்தால் ஒரே மத்தியானத்தில் இலை வெந்து காகிதம் போல வெளுத்துவிடும். எதையும் இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு இலையை உதிர்க்கும். போன வருஷம் ஒரு கூட்டத்துக்கு மேடை அலங்காரம் என்று வாங்கிப்போனார்கள். மண்ணில் பீடித் துண்டும் வெற்றிலை எச்சிலுமாகத் திரும்பி வந்தன. வெங்கடம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவினாள்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். ராஜப்பனை அழைத்திருக்கிறீர்களா?

இப்படிக்கு,
தீர்த்தகிரி

&nbsp;

கிருஷ்ணகிரி,
17-4-1957

அன்புள்ள தீர்த்தகிரிக்கு,

என்னை 'அவர்கள்' என்று எழுதியிருக்கிறாய். காத்தூன் படித்துவிட்டு, "உங்க சிநேகிதங்கள்ல மரியாதை தெரிஞ்சவரு இவரு ஒருத்தருதான்" என்றாள்.

அழைத்திருக்கிறேன். அன்று நம் ஆபீஸில் இருந்த எல்லாரையும் அழைத்திருக்கிறேன். ஒருவனை மட்டும் விட எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம் மறைக்கவும் மனம் வரவில்லை.

சாவியை நான் பார்க்கவில்லை, தீர்த்தகிரி. உனக்கு இருந்த சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆனால் சந்தேகப்பட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இதைச் சொல்லத்தான் ஓசூரில் உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீ உள்ளே இருமிக்கொண்டிருந்தாய், திறக்கவில்லை.

உங்களுக்கெல்லாம் தனிச் சமையல். பழையபேட்டை கிருஷ்ணப்பனிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் முதல் அடுப்பு வரை தனி.

நீ தொட்டிகள் தந்தாலும் தருவாய், வருவது நிச்சயமில்லை என்று ஃபகருன்னிசாவிடம் சொன்னேன். "மாமா வரலன்னா தொட்டி எதுக்கு, அத்தா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சின்ன வயசில் உன் செடிகளின் இலையைத் துடைத்துத் துடைத்துப் பாவாடையெல்லாம் பால்கறை ஆக்கிக்கொண்டு வருவாளே, அந்தப் பெண்தான்.

உன்,
கௌஸ்

&nbsp;

ஓசூர்,
9-5-1957

ஸ்ரீ கௌஸ் மொய்தீன் அவர்களுக்கு,

குழந்தை கேட்டதற்காகத் தொட்டிகளை அனுப்புகிறேன். ராமப்பன் லாரியில் வருகின்றன. சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருப்பதாகப் பேச்சு. வெளிச்சத்திலேயே தாண்டிவிடு என்று அவனிடம் பலமுறை சொன்னேன். "யானை இதைத் திங்காதுங்க. மோந்து பாத்துட்டு வெக்கப்பட்டுப் போயிரும்" என்கிறான். வண்டி உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு கார்டு போடுங்கள். அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

வெளித்தொட்டிகளுக்குக் கழுத்தில் சணல் கட்டியிருக்கிறேன். அவை வெயிலில் நிற்கலாம். சணல் இல்லாத நான்கும் கூடத்துத் தொட்டிகள். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல்வரை பழக்கினேன். ஆனாலும் உங்கள் ஊர் வெயில் அவற்றுக்குத் தெரியாது. பந்தலுக்கு மேற்கே ஒருபோதும் வைக்கக் கூடாது. மத்தியானத்துக்கு மேல் அங்கேதான் வெயில் பாயும். அடுப்புப் புகை படக் கூடாது. கிணற்றுத் தண்ணீரை இறைத்தவுடன் ஊற்றாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து ஊற்றச் சொல்லுங்கள். ஆடு தின்னாது, ஆனால் முட்டித் தள்ளும்.

வெங்கடம்மாள் கல்யாணத்துக்கு வருவாள். நான் வருவதற்கில்லை. ராஜப்பன் உட்காரும் பந்தலில் எனக்கு நாற்காலி வேண்டாம்.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

&nbsp;

கிருஷ்ணகிரி,
13-5-1957

அன்புள்ள தீர்த்தகிரிக்கு,

லாரி சுகமாக வந்தது. மண்டி வாசலில் காத்திருந்தேன். முன்சீட்டிலிருந்து ராமப்பன் மட்டும்தான் இறங்கினான்.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உன்னிடம் மறைத்தால் அது வேறு வம்பாகும். நேற்றிலிருந்து இலைகள் உதிர்கின்றன. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடக்கின்றன. ஃபகருன்னிசா பொறுக்கிப் பொறுக்கி மாய்கிறாள். கல்யாணப் பெண் இப்படி முகம் வாடி இருக்கலாமா என்று காத்தூன் என்னைத் திட்டுகிறாள். மாப்பிள்ளையின் சித்தப்பா பந்தக்கால் பார்க்க வந்தவர், "என்ன பாய், குச்சி நட்டு வெச்சிருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

என்ன செய்வது? நீ ஒருமுறை வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

உன்,
கௌஸ்

&nbsp;

ஓசூர்,
15-5-1957

கௌஸ்,

எங்கே வைத்திருக்கிறாய் அவற்றை? மண்டிக்குள் வைத்தாயா? புளித் தூசி படிய விட்டாயா? இந்தக் கடிதம் கண்டவுடன் வெளித்தொட்டிகளை வெயிலில் ஓரிடத்தில் வை. கூடத்துத் தொட்டிகளை வேப்ப நிழலில் வை. வைத்தபின் கை வைக்காதே. பார்க்க வருகிறவன் ஒவ்வொருவனும் சொல்கிறபடி இழுத்து இழுத்து வைத்தால் கடைசி இலைவரை உதிர்த்துவிட்டுத்தான் ஓயும். இலை போகிறதே என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றாதே, வேர் அழுகும். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு மட்டும் போட்டு வை.

தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. போன செடி போகட்டும். அந்தக் குழந்தையின் கல்யாண வாசலில் மொட்டைக் குச்சிகள் நின்று, அதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் பேசி, அவள் தலைகுனிந்தால் நான் அனுப்பிய லட்சணத்தை என்னவென்று சொல்வது. இலை அதிகம் போனவற்றைப் பின்வரிசைக்குத் தள்ளு. நல்ல பக்கம் வாசலைப் பார்க்கட்டும். இதையாவது ஒழுங்காகச் செய்.

தீர்த்தகிரி

&nbsp;

கிருஷ்ணகிரி,
23-5-1957

தீர்த்தகிரிக்கு,

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செடிகள் கடைசி நாளில் மானத்தைக் காப்பாற்றின. வெங்கடம்மாள் வந்து, இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போனதில் எங்களுக்கெல்லாம் மனம் நிறைந்தது.

அன்று காலையில் பந்தல்காரர்கள் அழகு பார்த்து உன் கூடத்துத் தொட்டிகள் நான்கையும் மேற்குப் பக்கம் வைத்துவிட்டார்கள். நிக்காஹ் வேலையில் நான் கவனிக்கவில்லை. எல்லாரும் உள்ளே இருந்த நேரம். பிறகு வெளியே வந்து பார்த்தால் நான்கும் வேப்ப மரத்தடியில் இருந்தன. சணல் கட்டியவை மேற்கே வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் நல்ல பக்கம் வாசலைப் பார்த்து நின்றது. இலைகளை யாரோ துடைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் என்னைத் தவிரச் சணலுக்கு அர்த்தம் தெரிந்தவர் யாரும் இல்லை. பந்தல் ஆளைக் கேட்டேன். ஒல்லியாக, குடையோடு, ஒரு தோட்டக்காரர் வந்து மாற்றிவிட்டுப் போனார் என்றான்.

நீ வந்தாய்.

கிருஷ்ணகிரியில் வாழை மரமும் தென்னங்குருத்தும் கிடைக்காமலா நான் உன்னிடம் தொட்டி கேட்டேன்? உன்னை வெறுமே கூப்பிட்டால் வரமாட்டாய். தொட்டிகளைத் தனியே அனுப்பவும் உனக்கு மனம் வராது. அவற்றோடு லாரியில் ஏறி வருவாய் என்று நம்பினேன். என் கணக்கு பாதிதான் பலித்தது. என் பெண்ணின் கல்யாணத்துக்கு வாசல்வரை வந்து, கை நனைக்காமல் போய்விட்டாய். நீ வராமலே இருந்திருந்தால் கோபம் என்று நினைத்து ஆறியிருப்பேன். இதை எப்படி ஆறுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஃபகருன்னிசாவிடம் நான் சொல்லவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை, முப்பத்தொன்றாம் தேதி, பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவிருந்துக்கு வருகிறார்கள். வருஷாந்தர ஜமாபந்திக் கணக்கு வேலையாக ராஜப்பன் இங்கேதான் இருக்கிறான். அவனும் சாப்பிட வருகிறான். உன்னை நான் அழைக்கவில்லை. இன்னொரு முறை நீ வாசலோடு திரும்பிப் போவதை நான் தாங்கமாட்டேன்.

தொட்டிகளை ராமப்பனிடம் ஏற்றிவிட்டேன். இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

கௌஸ் மொய்தீன்

&nbsp;

ஓசூர்,
27-5-1957

அன்புள்ள கௌஸுக்கு,

தொட்டிகள் வந்தன. ஒன்றில் விளிம்பு உடைந்திருக்கிறது. அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

வெங்கடம்மாளைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார முடியாமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். தொட்டிகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் உத்தேசம். மேற்கே அவை வெந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் முடித்துவிட்டுக் கையைத் துடைக்கும்போது உன் பந்தல் ஆள், "தோட்டக்காரரே, அந்தப் பக்கம் ரெண்டு கோணலா நிக்கிது பாருங்க, அதையும் சரி பண்ணிட்டுப் போங்க" என்றான். அதையும் சரி பண்ணினேன்.

பிறகு உள்ளே வரத்தான் செருப்பைக் கழற்றினேன். ராஜப்பன் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான் சட்டையெல்லாம் மண்ணாக நின்றேன். செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். சூளகிரி தாண்டும்வரை எனக்கு அவன்மேல் கோபம் இருந்தது. அதற்குப் பிறகு யார்மேல் என்று தெரியவில்லை.

அன்று வெங்கடம்மாள் திரும்பி வந்து, பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள், குழந்தை என்ன புடவை கட்டியிருந்தாள் என்றெல்லாம் சொன்னாள். ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்ததும் அவளிடமே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அவ்ளோ தூரம் போனவருக்கு உள்ளார வரக் காலு வரலியா? நான் பந்தியில உக்காந்து உங்கள நெனச்சிக்கிட்டே தின்னேன்" என்றாள். அதிலிருந்து இன்றுவரை சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

ராஜப்பனை என்னால் மன்னிக்க முடியாது. சாவி அவன் கையில்தான் இருந்தது. நீ பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை.

நீ அழைக்காத விருந்துக்கு வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம், இருவரும். கிருஷ்ணப்பனிடம் இன்னும் இரண்டு இலைக்குச் சொல்லிவிடு. குழந்தை என்ன கேட்டாலும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். என்னை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்று நீ தவிக்க வேண்டாம். ராஜப்பன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உன்,
தீர்த்தகிரி