அவரவர் காபி

மார்ச் 4

அன்புள்ள கணவருக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். தங்கை வீட்டில் எல்லோரும் நலம். நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்த மூன்று இடங்களையும் பார்த்தாயிற்று. படத்தில் எப்படியோ அப்படியே இருந்தன.

பட்டியலில் இல்லாத ஒரு காபிக் கடைக்கும் போனேன். அங்கே யாரும் அடுத்தவருக்காகக் காபி சொல்லக் கூடாதாம். எனக்கு முன்னால் நின்றவர், "ரெண்டு காபி. அவளுக்கும் இதேதான்" என்றார். கடைக்கார அம்மா, "அவங்க பக்கத்துலதானே நிக்கிறாங்க சார், அவங்களே சொல்லட்டும்" என்றார்.

அடுத்தது நான். "உங்களுக்கு எப்படிம்மா?" எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் பதிவு அலுவலகத்தில் பிறர் சொன்னதையெல்லாம் பிழையில்லாமல் தட்டச்சு செய்தவள், ஒரு காபி சொல்லத் தெரியாமல் நின்றேன். கடைசியில், "மூணு ஸ்பூன் சர்க்கரை" என்றேன்.

சர்க்கரை நோய் உங்களுக்கு. பத்தொன்பது வருடமாகச் சர்க்கரையை விட்டிருப்பவள் நான். 'வீட்டில் இரண்டு சட்டம் எதற்கு' என்றீர்கள். அப்போது நியாயமாகத்தான் பட்டது.

இன்னும் சில நாள் இருந்துவிட்டு வருகிறேன். உங்கள் மாத்திரைகள் அலமாரியில் இரண்டாவது தட்டில்.

உங்கள் மனைவி

மார்ச் 9

அன்புள்ள மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று ஸ்பூன் அதிகம். வாடிக்கையாளரை அதட்டும் கடைக்கு இனிப் போகாதே. உனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் இத்துடன் இருக்கிறது. ஜன்னல் இருக்கை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உனக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது. ஸ்டேஷனில் நிற்பேன்.

உன் கணவன்

மார்ச் 13

அன்புள்ள கணவருக்கு,

ரயில் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. பிளாட்பாரத்தில் நின்று அதை வழியனுப்பி வைத்தேன். நல்ல காற்று. ஒத்துக்கொண்டது.

நீங்கள் ஸ்டேஷனில் காத்திருந்திருப்பீர்கள். அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

உங்கள் மனைவி

மார்ச் 18

அன்புள்ள மனைவிக்கு,

கடைசிப் பெட்டி வரை பார்த்தேன். திட்டி நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். உன் தங்கைக்கு எழுதலாமென்று உட்கார்ந்தேன், அதுவும் முடியவில்லை.

நீ எப்போது வர நினைக்கிறாய்? டிக்கெட் வைக்கவில்லை.

உன் கணவன்

மார்ச் 22

அன்புள்ள கணவருக்கு,

என் நினைப்பு என்ன என்று நீங்கள் கேட்டது இதுதான் முதல் தடவை. அவசரமாகப் பதில் சொல்லி அதைக் கெடுக்க மனம் வரவில்லை. நன்றாக யோசித்து எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்க்கும் பதிலாகத்தான் இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது.

அதுவரை இதே முகவரி.

உங்கள் மனைவி