பெண்ணாள் கூலி

என் அப்பாவுக்கு,

நீ இல்லாத முதல் மரவள்ளி அறுவடை நேற்று முடிந்தது. கொல்லை நிலத்தை இப்போது நான்தான் பார்க்கிறேன். அண்ணன் பெங்களூரிலிருந்து போனில் பார்க்கிறான்.

கிழங்கு பிடுங்க ஆணாள் கிடைக்கவில்லை. எல்லாரும் வெளியூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். உன்னிடம் வருடக்கணக்காக வேலை செய்த அஞ்சலை அத்தை ஐந்து பெண்களைக் கூட்டி வந்தார். ஆளுக்கொரு மம்முட்டி. கொல்லையில் இறங்கவில்லை. வரப்பிலேயே நின்றார்கள்.

உன் நியாயம் ஊருக்கே தெரியும். ஆண்கள் மண்ணைக் கொத்திப் பிடுங்குகிறார்கள், மம்முட்டியும் அவர்களுடையது, அதனால் முழுக் கூலி. பெண்கள் கிழங்கை வெட்டி மூட்டை பிடிக்கிறார்கள், அதனால் பாதி. நானும் நம்பினேன்.

"இன்னிக்கு நாங்கதான் கொத்தணும், நாங்கதான் புடுங்கணும். மம்முட்டியும் எங்களுது. இன்னா கூலி சொல்ற பாப்பா?" என்றார் அத்தை.

கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. சாயங்காலம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் லாரி வரும். மழையில் கிழங்கு ஊறினால் விலை போகாது. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா?

எப்போதும் கொடுப்பதுதானே, அத்தை.

"உங்கப்பாவும் இதத்தான் சொன்னாரு," என்றார். "மம்முட்டி இல்லாததாலதான் பாதின்னாரு. நான் மணலூர்பேட்டைக்குப் போயி ஒண்ணு வாங்கியாந்தேன். பாத்துட்டு, பரவால்லியே தங்கச்சின்னு சிரிச்சாரு. சாய்ந்தரம் கைக்கு வந்தது பாதிதான்."

கோபமில்லாமல்தான் சொன்னார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு இது பழைய கதை. எனக்கு மட்டும் புதுசு.

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் சம வேலைக்குச் சமக் கூலி என்று பேசிப் பரிசு வாங்கினேன். நீ முன் வரிசையில் எழுந்து நின்று கை தட்டினாய். மறுநாள் காலை இதே பெண்கள் நம் கொல்லையில்தான் இருந்தார்கள். நாம் இரண்டு பேரும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம்?

சித்தப்பா வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். விஷயம் அதற்குள் அவருக்குப் போயிருந்தது.

"நீ படிச்ச பொண்ணு, குடுத்துட்டுப் பூடுவ. நாளைக்கு என் கொல்லையில வந்து நிப்பாளுங்க. லாரி என் நெலத்து வழியாத்தான் வரணும். ஞாபகம் இருக்கட்டும்."

அவர் மிரட்டவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். அதனால்தான் பயந்தேன். ஆறு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நீயாக இருந்தால் ஒரு சிரிப்பில் முடித்திருப்பாய். எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

முழுக் கூலி என்றேன்.

அவர்கள் இறங்கினார்கள். சித்தப்பா போய் டிராக்டரை வழியில் குறுக்காக நிறுத்தினார். மாலையில் லாரி ரோட்டிலேயே நின்றது. தூறல் தொடங்கியது. மூட்டைகளைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று அத்தையிடம் கேட்டேன்.

"முடியும். சொமைக்குத் தனிக் கூலி, பாப்பா. அதுவும் ஆணாள் கூலிதான்."

நன்றியை எதிர்பார்த்திருந்தேன் போல. வெட்கமாக இருந்தது. சரி என்றேன். கடைசி மூட்டைகள் நனைந்துவிட்டன. அவற்றை ஆலை எடுக்கவில்லை. அண்ணன் போனில் கத்தினான். இந்த வருடம் நமக்கு நஷ்டம் அப்பா.

அடுத்த மாதம் உன் தெவசம். சித்தப்பா வர மாட்டாராம். வருகிறவர்கள் உன்னை நியாயவான் என்பார்கள். நீ நல்லவன்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு நான் தலையாட்ட மாட்டேன்.

சித்தப்பா வழியை மறித்தாலும், தன் போர்வெல் தண்ணீரை நிறுத்தினாலும், நான் இருக்கும்வரை இந்தக் கொல்லையில் இரண்டு கூலி கிடையாது. இதை உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை.

கோபத்திலும் உன் ஜாடையே இருக்கிற
உன் மகள்,
மாலதி