ரபான் என்று எழுதிய நாட்கள்

03.06.2025 செவ்வாய்

ரமழானில் விட்ட களா நோன்பு, நான்காவது. இன்னும் மூன்று பாக்கி.

றுமானா – ரபான், 2.00–4.30.

காற்று பலம். கொடியில் போட்ட துணியெல்லாம் மணல். இரண்டு தரம் அலசினேன்.

12.06.2025 வியாழன்

றுமானா – ரபான், 2.00–4.30. பாடசாலையில் பழகிவிட்டு வந்ததும் பசி என்றாள். இஸ்லாமிய தினப் போட்டி நெருங்குகிறதாம். நபியவர்கள் காலத்திலும் ரபான் போன்ற தோல் மேளம் கொட்டியிருக்கிறார்கள் என்பதால்தான் நான் சரி சொன்னேன். ஊதுகிற வாத்தியமும் நரம்பு கட்டியதும் இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று பெப்ரவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டேன். பத்தாம் தரப் பிள்ளை, சொன்னால் விளங்கும்.

14.06.2025 சனி

ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சி இன்றோடு முடிந்தது.

பின்னேரம் என் கால் வெடிப்புக்கு றுமானா எண்ணெய் தேய்த்துவிட்டாள். நல்ல பிள்ளை என்று துஆச் செய்துகொண்டிருந்தேன். ஒரு கை மெதுவாகப் பட்டது, மற்றது சுரண்டியது. கையைப் பிடித்துப் பார்த்தேன். இடக்கையில் நான்கு விரல் நுனியும் காய்ந்த கருவாட்டுத் தோல் மாதிரி. பெருவிரலில் ஒன்றுமில்லை. வலக்கை உள்ளங்கை பூப்போல.

ரபான் தட்டுகிறவளுக்கு உள்ளங்கைதானே காய்க்க வேண்டும்?

கேட்டேன். “வாளி தூக்கினது உம்மா” என்றாள்.

இந்த வீட்டில் வாளி தூக்குவது நான்.

15.06.2025 ஞாயிறு

றுமானாவின் வாப்பாவுடைய தங்கச்சி சுல்பா இடியப்ப உரல் கேட்டு வந்தாள். இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். கதையோடு கதையாக விரல் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“என்ன மச்சி, தெரியாத மாதிரிக் கேக்கிறீங்க? வயலின் பழகுற புள்ளைக்கு அப்படித்தானே காய்க்கும். ஏப்ரல் லீவில என்ட ஜன்னலடியில நிண்டுதானே பழகின. கோழியெல்லாம் ஓடிட்டு.”

பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“அல்லாஹ்வே... பதியுதீன் நானா உங்களுக்குச் சொல்லல்லயா?”

உரலை எடுக்காமலே போய்விட்டாள்.

வயலின். நான்கு நரம்பு. அவருக்குத் தெரியும். சுல்பாவுக்குத் தெரியும். சுல்பாவின் கோழிக்கும் தெரியும்.

அஸருக்கு எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியவில்லை. திரும்பத் தொழுதேன்.

16.06.2025 திங்கள்

இந்தக் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டி எண்ணினேன். பெப்ரவரி தொடங்கி ‘ரபான்’ என்று எழுதிய நாள் இருபத்தேழு. நேரத்தோடு எழுதியிருக்கிறேன். பிந்தி வந்த நாளில் எத்தனை நிமிஷம் பிந்தினாள் என்றுகூட.

இருபத்தேழு பொய். எல்லாம் என் கையெழுத்தில்.

17.06.2025 செவ்வாய்

பகல் சாப்பாட்டுக்கு அவர் கடையிலிருந்து வந்தபோது கேட்டேன். றுமானாவையும் பாடசாலை முடிந்ததும் நேரே வரச் சொல்லியிருந்தேன்.

அவர் மறுக்கவில்லை. “சொன்னா நீ ஓம் எண்டிருப்பியா? நெஞ்சில கைய வெச்சுச் சொல்லு புள்ள.”

“இல்ல. வேணாம் எண்டுதான் சொல்லியிருப்பன். அந்த வேணாமச் சொல்றதுக்காவது என்னை விட்டீங்களா?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். றுமானா தானாகவே கடதாசிக் கோவையைத் திறந்து ஒரு பிரதியை எடுத்து வைத்தாள். சங்கீதம் படிப்பிக்கிற டெனிஷா டீச்சர் பெப்ரவரியில் வயலின் வகுப்புக்குக் கொடுத்த சம்மதப் படிவம். அடியில் ‘தாயின் கையொப்பம்’. அங்கே என் கையெழுத்து.

நான் வைக்காத என் கையெழுத்து.

“டீச்சர் வாப்பாட ஒப்பம் வேணாம் எண்டா, உம்மா. வாப்பாமார் வெப்பாங்களாம், மூணு மாசத்தில உம்மாமார் வந்து நிப்பாட்டுவாங்களாம். உம்மாவக் கேட்டு, உம்மாட ஒப்பத்தோட வா எண்டா.”

“அப்ப ஏன் கேக்கல்ல?”

அவள் வாப்பாவைப் பார்த்தாள். அவர் யன்னலைப் பார்த்தார்.

“வாப்பாதான்... நீயே போடு எண்டாரு.”

18.06.2025 புதன்

என் கல்யாணப் பதிவில் நான் கையெழுத்து வைக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு அங்கே இடமில்லை, அவளுடைய பொறுப்பாளரான வலி வைத்தால் போதும். என் வாப்பா வைத்தார். அதை நான் குறையாக நினைத்ததில்லை. அந்த நேரம் எனக்கு எழுதவும் தெரியாது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து எங்களை விரட்டி நாங்கள் வரும்போது ஏழு வயது. முகாமில் பிறகு எங்கே பள்ளிக்கூடம்?

றுமானா முதலாம் தரம் போன வருஷம், அவள் தூங்கும் நேரத்தில் அவள் கொப்பியைப் பார்த்து நான் எழுதிப் பழகினேன். அவளுடைய முதல் தேர்ச்சி அறிக்கையில்தான் என் முதல் கையெழுத்து. வைத்துவிட்டு மை காயும் வரை ஊதினேன். அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியாத ஒரு பெண், டெனிஷா டீச்சர், சிலுவை போட்டவர். அவர் மட்டும்தான் உம்மாவைக் கேள் என்றிருக்கிறார். என் வீட்டு ஆட்கள் அதை இடையில் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கையெழுத்தை றுமானா எவ்வளவு வடிவாகப் போட்டிருக்கிறாள். என்னுடையதை விட வடிவு.

19.06.2025 வியாழன்

வயலின் வேண்டாம் என்றேன். ஓம் என்றாள். அழவில்லை.

2.00–4.30 – வீட்டில்.

26.06.2025 வியாழன்

வீட்டில்.

இப்போது எல்லாவற்றுக்கும் என்னிடம் கேட்கிறாள். “உம்மா, முகம் கழுவட்டா? உம்மா, கதிரையில இருக்கட்டா?” இது அடக்கமா, பழி வாங்கலா? சுல்பா கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்குச் சோறு வைக்கிறேன். கதைப்பதில்லை.

06.07.2025 ஞாயிறு

ஆஷூரா நோன்பு. மூன்று பேரும் பிடித்தோம்.

பாங்குக்குக் காத்திருந்தோம். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. றுமானாவின் இடக்கை மேசை விளிம்பில் இருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக அமர்ந்து எழுந்தன, ஓதும்போது வரியில் விரல் ஓடுமே, அப்படி. வலக்கை மடியில். அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

சத்தமே இல்லை. சத்தம் இல்லாததை நான் என்னவென்று தடுப்பது?

அவரும் கண்டார். என்னைப் பார்த்தார். நான் பேரீச்சம்பழத் தட்டைப் பார்த்தேன்.

08.07.2025 செவ்வாய்

26ஆம் திகதி குருநாகலில் மாகாண வயலின் போட்டி. மூன்று கிழமை போகாதவளுக்கு டீச்சர் இன்னும் இடம் வைத்திருக்கிறார். அதற்கான சம்மதப் படிவத்தையும் பேனையையும் றுமானா என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“நீங்க வெச்சா போவன். வெக்காட்டி, உம்மா வெக்கல்ல எண்டே டீச்சர்ட்டச் சொல்லுவன். வாப்பாட்டக் கேக்கல்ல.”

போய் அடுப்படியில் நின்றாள்.

10.07.2025 வியாழன்

வழி காட்டச் சொல்லி இரண்டு நாள் இஸ்திகாரா தொழுதேன். மனம் எந்தப் பக்கமும் சாயவில்லை.

கையெழுத்தை வைத்துவிட்டேன். சரி என்று பட்டதால் அல்ல. கேட்டாள், அதனால். யா அல்லாஹ், இது பிழை என்றால் என் கணக்கில் எழுது. பிள்ளையின் கணக்கில் எழுதாதே.

11.07.2025 வெள்ளி

படிவம் திரும்பி வந்துவிட்டது.

டீச்சர் பெப்ரவரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். “இது உம்மாட ஒப்பம் இல்லையே றுமானா. நீயா வெச்ச? உண்மையாக் கேட்டு வைக்கச் சொல்லு” என்று புதுப் படிவம் கொடுத்திருக்கிறார்.

“நீ என்ன சொன்ன?”

“ஒண்டும் சொல்லல்ல உம்மா.” இப்போதுதான் அழுதாள்.

என் உண்மைக் கையெழுத்து பொய்யாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்தது சிரிப்பில்லை.

“நான் போய் டீச்சரோட கதைக்கிறன்” என்றார் அவர்.

“நீங்க கதைச்சது போதும்.”

மூன்று கிழமைக்குப் பிறகு அவரிடம் நான் பேசியது அவ்வளவுதான். நானே போகலாம். போனால், அப்போ பெப்ரவரியில் வைத்தது யார் என்று கேட்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை அந்த வகுப்பில் எப்படி இருப்பாள்?

13.07.2025 ஞாயிறு

ளுஹர் தொழுதுவிட்டுப் பழைய படிவத்தின் பிரதியை றுமானாவிடம் கேட்டு வாங்கினேன். இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், அவள் போட்ட என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். வரவில்லை. நான் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன், அவள் ஒரே இழுப்பில் போட்டிருக்கிறாள்.

அவள் பின்னால் வந்து நின்றது தெரியாது.

“கைய எடுக்காம இழுங்க உம்மா. கடைசியில கொஞ்சம் மேல தூக்குங்க.”

“நீ சும்மா இரு.”

அவள் சொன்னபடி இழுத்தேன். ஏழாவது தரம் வந்தது. புதுப் படிவத்தில் வைத்தேன். என் கை, என் பேனை, என் பேர். பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பாவமன்னிப்புக்கு இஸ்திக்ஃபார் ஓதினேன்.

அவரையும் அவளையும் மன்னித்துவிட்டேனா? இல்லை.

15.07.2025 செவ்வாய்

களா நோன்பு ஐந்தாவது. இன்னும் இரண்டு.

டீச்சர் பார்த்த உடனே, “ஓம், இதுதான் உம்மாட ஒப்பம்” என்றாராம். அதைச் சொல்லும்போது றுமானா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

றுமானா – வயலின், 2.00–4.30.